தட்டையாகத் தைத்த பாய்

என் கணவருடைய படகுக்கு ஓடாத பாயை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். தெரியாமல் வாங்கவில்லை. நல்ல பாய் எங்கே கிடைக்கும் என்று பல நாள் விசாரித்து, நன்றாகத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தை வேண்டுமென்றே தள்ளிவிட்டு, கெட்ட பாய் எங்கே கிடைக்குமோ அங்கே போய் வாங்கினேன்.

சொல்லிவிட்டேன்! சொல்லிவிட்டால் நெஞ்சு இளகும் என்பார்கள்... எனக்கு ஒன்றும் இளகவில்லை. ஆனாலும் முழுவதையும் சொல்லி முடிப்பது என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு காரியத்தில் இறங்கினால் பாதியில் எழுந்து போகிறவள் நான் இல்லை. என் பலமும் அதுதான், என்னைக் கெடுத்ததும் அதுதான்.

எங்கள் சபையில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் என்ற வழக்கம் கிடையாது. கூண்டுக்குள் உட்கார்ந்து கேட்க ஆள் கிடையாது. கர்த்தரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டியதுதான். அவரிடம் சொல்வதில் என்ன கஷ்டம்? அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே! தெரியாத ஒருவரிடம் சொல்லத்தான் நாக்கு எழும்ப மாட்டேன் என்கிறது. அதனால் உங்களைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். எழுந்து போய்விடாதீர்கள்.

தேனிக்காரிக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், ஊரே சிரித்தது. வைகையில் முழங்கால் தண்ணீர் ஓடினாலே நாங்கள் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள்.

என் கணவர் தேவராஜ் வாழைக்காய் வியாபாரி. சின்னமனூர், கம்பம் பக்கத்துத் தோட்டங்களில் தார் வெட்டி, குமுளி மலை ஏற்றிக் கோட்டயம் மார்க்கெட்டுக்கு அனுப்புவார். அங்கே அவரிடம் சரக்கு எடுத்தவர் குரியாச்சன் என்ற பெரியவர். அவர் வீட்டுக்குப் பொழுதுபோக்கு படகுதான். ஒரே மரம், ஒரே பாய், ஒருவரோ இருவரோ உட்காரக்கூடிய சின்னப் படகு. சரக்கோடு போன மனிதரை ஒரு நாள் அதில் ஏற்றிக்கொண்டு வேம்பநாட்டுக் காயலில் சுற்றி வந்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்தது இவருக்குப் பைத்தியம். பிறகு குரியாச்சன் பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருக்கப் போனபோது, படகை இவருக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

காயலின் மேற்குக் கரையில், முகம்மாவில், வாசு சேட்டன் என்ற மீன்காரர் வீட்டுப் பின்புறம் அது கிடந்தது. என் கணவர் அதை வள்ளம் என்பார், மலையாளத்துக்காரர்போல. வெள்ளிக்கிழமை வாழைக்காய் லாரியோடு போவார், ஞாயிறு சாயங்காலம் திரும்புவார். ஆராதனையில் ஆண்கள் பக்கம் அவருடைய நாற்காலி காலியாகக் கிடக்கும். "சார் வரலையாக்கும்?" என்று கேட்காத வாய் கிடையாது.

அதைக்கூடப் பொறுத்தேன். பிறகு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரையில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கச் சொன்னார்கள், எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள். இவர் இரண்டையும் செய்யவில்லை. உடம்பு தேறியதும் முதல் வேலையாக வள்ளத்தைப் பார்க்கப் போனார்!

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் படகு கவிழ்ந்தது. போன் தண்ணீரில் போய்விட்டது. மத்தியானத்திலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு என் விரல் வலித்தது. வாசு சேட்டனும் எடுக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் யாருடைய போனிலிருந்தோ பேசினார். பேசினாரா... சிரித்தார்! வள்ளம் குப்புறக் கவிழ்ந்ததையும் தான் அதன் முதுகில் ஏறி நிமிர்த்தியதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு நெஞ்சு எரிந்தது. உண்மையைச் சொல்கிறேன் பாருங்கள், பயத்தால்தான் இதைச் செய்தேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதோடு பொறாமையும் இருந்தது. வீட்டில் இவர் லாரி வாடகை பேசுகிற மனிதர். சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பார், போனைப் பார்ப்பார், தூங்கிப்போவார். ஒரே ஒரு முறை அவரோடு முகம்மா போனேன். நனைந்த சட்டையோடு கரையேறி வந்தவரின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு அவர் ஒரு நாளும் காட்டியதில்லை. தண்ணீருக்குக் காட்டுகிறார்! பெண்டாட்டிக்கு இது எப்படி இருக்கும்?

விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். சண்டை போட்டேன். பேசாமல் இருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"அங்கன போனாத்தான் கிரேசு எனக்கு மூச்சு சரியா இறங்குது. அத மட்டும் கேக்காத."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்காமலே நிறுத்துவது என்று முடிவு செய்துகொண்டேன்.

வழி தானாக வந்தது. பாய் கிழிந்தது. குரியாச்சன் காலத்துப் பாய், வெயிலில் வெந்து, விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி விட்டுப்போனது. அதைச் சுருட்டி லாரியில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். நான் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்... ஆமாம், சொன்னேன்.

"துணி விசயம் எனக்கு என்ன தெரியும்? நீயே எங்கன நல்லதுன்னு பாத்து வாங்கு. நீ வாங்குனா நான் கண்ண மூடிக்கிட்டுக் கட்டுவேன்" என்றார்.

அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பாவுக்குத் தேனியில் தார்ப்பாய்க் கடை. லாரிக்குத் தார்ப்பாய், களத்துக்கு விரிப்பு, பந்தல் துணி, கயிறு. பள்ளிக்கூடம் விட்டு வந்து துணிக்கட்டுகளின் மேல் படுத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதுவேன். இன்றைக்கும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் துணியின் தரத்தைச் சொல்லிவிடுவேன். இப்போது கடை என் தம்பி ஸ்டீபனிடம் இருக்கிறது.

விசாரிக்க ஆரம்பித்தேன். அதிலும் ஒரு ஒழுங்கு உண்டு எனக்கு, அரைகுறையாக விசாரிக்க மாட்டேன்.

கொச்சியில் படகுச் சாமான் விற்கும் கடை ஒன்று. போனில் கூப்பிட்டதும் "சேச்சி, ரெடியா ஒரு பாய் இருக்கு, கொண்டு போங்க, சேரலைன்னா வெட்டிக்கலாம்" என்றார் கடைக்காரர். மரம் எவ்வளவு உயரம் என்றுகூடக் கேட்கவில்லை. சட்டை வாங்கப் போனால்கூடக் கழுத்தளவு கேட்பார்களே! அது வேண்டாம் என்று தள்ளினேன்.

அடுத்து, வெளிநாட்டிலிருந்து கணினி வழியாக விற்கிறவர்கள். படத்தில் பாய் பளபளவென்று இருந்தது. விலையும் குறைவு. துணியைத் தொட்டுப் பார்க்க முடியாது, சேரவில்லை என்றால் திருப்பி அனுப்பவும் முடியாது. படத்தைப் பார்த்துத் துணி வாங்குகிறவள் தார்ப்பாய்க் கடைக்காரன் மகளாக இருக்க முடியாது. அதையும் தள்ளினேன்.

மூன்றாவது, சென்னையில் பாய் தைப்பதையே தொழிலாகச் செய்யும் ஒருவர். அவர் விலையைச் சொல்லவே இல்லை, கேள்விதான் கேட்டார். எந்தத் தண்ணீர்? எந்தப் பக்கத்துக் காற்று? எத்தனை பேர் ஏறுவீர்கள்? ஓட்டுகிறவருடைய எடை என்ன? மரம் வளையுமா, விறைப்பாக நிற்குமா? பழைய பாயை அனுப்பட்டுமா, அதை வைத்து வெட்டிவிடுவீர்களா என்று கேட்டேன். அனுப்புங்கள், ஆனால் அதை வைத்து வெட்ட மாட்டேன் என்றார். பழைய பாய் இழுபட்டு உருவம் கெட்டிருக்குமாம், அதைப் பார்த்துத் தைத்தால் கெட்டுப்போனதையே திரும்பத் தைத்ததாகுமாம்.

பிறகு பாய்க்கு வயிறு வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். நானும் ஆசையாகத்தான் கேட்டேன், துணி விஷயம் அல்லவா! துண்டு துண்டாக வெட்டும்போது ஓரத்தைக் கொஞ்சம் வளைத்து வெட்டுவார்களாம். அப்படி வெட்டிச் சேர்த்தால் காற்றுப் பட்டதும் பாய் உப்பிக்கொண்டு நிற்கும். அந்த உப்பலில்தான் எதிர்க்காற்றிலும் படகு குறுக்கும் நெடுக்குமாக ஏறி வரும். தட்டையாகத் தைத்தால்? "பாக்க நல்லாத்தான் இருக்கும்மா. காத்து தள்ளுற பக்கம் போகும். திரும்பி வராது" என்றார்.

வாங்க வேண்டிய இடம் அதுதான். என்னைப்போல் பத்துக் கடை ஏறி இறங்கின எவளும் அந்த இடத்தில்தான் முன்பணம் கட்டியிருப்பாள். எனக்கும் அது தெரிந்தது. தெரிந்துதான் "வீட்டுல கேட்டுச் சொல்றேன் சார்" என்று போனை வைத்தேன்.

வைத்துவிட்டு நேரே தம்பி கடைக்குப் போனேன்.

ஸ்டீபனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போடியிலிருந்து ஏலக்காய் ஏற்றுகிற லாரிக்காரர்கள் அவனைத் தேடி வருவார்கள். அவன் தைத்த தார்ப்பாயில் பள்ளம் விழாது. பள்ளம் விழுந்தால் மழைத் தண்ணீர் தேங்கும், சரக்கு நனையும், கணவாய்க் காற்றில் படபடவென்று அடித்துக் கிழியும். அதனால் துணி பலகைபோல் நிற்க வேண்டும். எங்கள் அப்பா தொழிலில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதுதான். உப்பலாகத் தைப்பது எங்கள் வீட்டில் மானக்கேடு. உலகத்திலேயே வயிறில்லாத பாய் வேண்டுமென்றால் என் தம்பியிடம்தான் வாங்க வேண்டும்!

பழைய பாயை விரித்து அளவெடுத்தான். மாமா படகுக்குத் தைக்கிறோம் என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். இருக்கிறதிலேயே நல்ல வெள்ளைத் துணியை எடுத்தான், ஓரத்துக்குக் கயிறு வைத்து மடித்தான், வளையத்தை அவனே உட்கார்ந்து அடித்தான். தைத்துக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து கேட்டான்.

"யக்கா, காத்துப் போறதுக்கு அங்கங்க பிறை மாதிரி வெட்டி விடட்டா? பேனருக்கெல்லாம் வெட்டுவோம்ல. இல்லாட்டி காத்துல கிழிஞ்சிரும்."

காற்றைப் பிடிக்க வேண்டிய பாய்க்கு, காற்று போக வழி வைக்கட்டுமா என்று கேட்கிறான்! அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் துணிக்குக் காற்று எதிரி. ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று எங்களைக் கேளுங்கள். காற்றைத் தப்பவிடத்தான் இங்கே எல்லாரும் பழகியிருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே என் புத்தி வேலை செய்தது. ஓட்டை வெட்டினால் மாமா பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாரே! வேண்டாம் என்றேன். தட்டையாக மட்டும் தை, அது போதும் என்றேன்... கவனித்தீர்களா? கண்ணுக்குத் தெரிகிற தப்பைத் தடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத தப்பை இருக்க விட்டேன். இதைவிடத் தெளிவாக ஒருத்தி பாவம் செய்ய முடியுமா?

அவனுக்கும் ஒரு பொய் சொன்னேன். "நீ தச்சதுன்னு மாமாகிட்டச் சொல்லாத, மெட்ராஸ்ல வாங்குனதுன்னு சொல்லி வேடிக்கை பாப்போம், பெறகு நானே சொல்றேன்" என்றேன். தன் கைவேலை சென்னைச் சரக்காக நிற்கப் போகிறதே என்று அவனுக்குப் பெருமை. கடைப் பெயர் போட்ட துண்டை அவனே பிரித்து எடுத்துக் கொடுத்தான்.

வீட்டில் பார்சலைப் பிரித்தவர் துணியைத் தடவித் தடவிப் பார்த்தார். "என்னமாத் தச்சிருக்கான்! நீ தேர்ந்து வாங்குனதுல்ல" என்று என் தோளைத் தட்டினார். பல வருடத்துக்குப் பிறகு தட்டினார்.

என் கணக்கு சுலபமானது. பாய் சரியாக இழுக்காது, படகு மந்தமாகப் போகும், இரண்டு மூன்று வாரத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவார். அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை... அப்படித்தான் நினைத்தேன். "திரும்பி வராது" என்று அந்தச் சென்னைக்காரர் சொன்ன வார்த்தையின் முழு அர்த்தத்தை நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்க்க விரும்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் தடவை கட்டும்போது நானும் வர வேண்டும் என்றார். "ஒன் கைராசி" என்றார். போனேன்.

முகம்மாவில் மத்தியானத்துக்கு மேல் காற்று கடல் பக்கமிருந்து, மேற்கிலிருந்து வரும். கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போகிற காற்று. பாயை ஏற்றிக் கட்டினார். வெள்ளைச் சுவர்போல் நின்றது பாய். ஒரு உப்பல் இல்லை. எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. கையாட்டிக்கொண்டே போனார். தள்ளுகிற காற்றில் படகு நன்றாகவே போனது. சின்னப் புள்ளி ஆகிற வரைக்கும் போனது.

பிறகு திரும்பப் பார்த்தார்.

படகு வலது பக்கம் போயிற்று. இடது பக்கம் போயிற்று. எந்தப் பக்கம் போனாலும் கரைக்குக் கிட்டே வரவில்லை, இன்னும் தள்ளித்தான் போனது. வாசு சேட்டன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எந்தா இது... இப்படி வராதே" என்று அவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

கடைசியில் பாயை இறக்கிவிட்டுத் துடுப்பை எடுத்தார். ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு, எதிர்க்காற்றில், ஒற்றைத் துடுப்பை வலித்தார்! கொஞ்சம் வலிப்பார், குனிந்து உட்கார்ந்துவிடுவார். மறுபடி வலிப்பார். நான் கரையில் நின்று பார்த்தேன். அவர் குனியும்போதெல்லாம் என் உயிர் போய்ப் போய் வந்தது. ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று படகைச் சுற்றிக்கொண்டது. "பேடிக்கண்டா சேச்சி" என்று, பயப்படாதே என்கிற அர்த்தத்தில், வாசு சேட்டன் என்னிடம் சொல்லிவிட்டு, கக்கா என்ற சிப்பியை வாருகிற மோட்டார் வள்ளம் ஒன்றைக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். இறங்கியவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. உதடு வறண்டு கிடந்தது. தண்ணீரில் அவர் சாகக் கூடாது என்று நான் வாங்கின பாய் அது! என்ன அழகாகக் காப்பாற்றினேன் பார்த்தீர்களா?

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். காலைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்கூட. அதற்குள் அவர் என்னைப் பார்த்து, வெட்கப்பட்ட பிள்ளை மாதிரி சொன்னார்.

"பாயி அருமையான பாயி கிரேசு. எனக்குத்தான் கை மறந்துபோச்சு."

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அதோடு விட்டாரா? விடவில்லை. பிடிவாதத்தில் அவர் எனக்குச் சளைத்தவர் இல்லை. டாக்டர் சொல்லிக் கேட்காத மனிதர், காலையில் எழுந்து நடக்க ஆரம்பித்தார். எடை கூடிவிட்டதுதான் காரணமோ என்று எண்ணெயைக் குறைத்தார். போனில் வெள்ளைக்காரர்கள் படகோட்டுகிற படங்களைப் போட்டுப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் கரண்டியைப் படகாகவும் அப்பளத்தைப் பாயாகவும் வைத்துக்கொண்டு, காற்று இங்கிருந்து வந்தால் நான் இப்படித் திருப்ப வேண்டும் என்று எனக்கு விளக்குவார். நான் தலையை ஆட்டிக் கேட்பேன். வாரா வாரம் போனார். கரையை விட்டுத் தூரம் போகாமல், வாசு சேட்டன் வள்ளம் கூடவே வர, முயன்று முயன்று பார்த்தார். வாரா வாரம் இழுத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு ஆராதனைக்கு வந்தார். அடுத்த ஞாயிறும் வந்தார். சபையில் எல்லாருக்கும் சந்தோஷம். "ஜெபம் கேக்கப்பட்டதும்மா" என்று போதகர் என்னிடம் சொன்னார். நான் விரும்பியது நடந்துவிட்டது. காலியாகக் கிடந்த நாற்காலியில் என் கணவர் உட்கார்ந்திருந்தார், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பாடாமல்.

லாரி விஷயத்திலும் தடுமாற ஆரம்பித்தார். முன்பெல்லாம் தாரைத் தொட்டதும் எத்தனை நாளில் பழுக்கும் என்று சொல்கிறவர், "எதுக்கும் நீங்களும் ஒருக்கா பாத்துக்குங்க" என்று தோட்டக்காரரிடமே கேட்டார். படகு ஓட்டத் தெரியாமல்போன கைக்கு வேறு எதுவும் தெரியாமல்போயிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ... நான்தான் அவரிடமிருந்து அதை எடுத்தேன். அவருக்குத் தெரியாமல், அவர் கண் முன்னாலேயே எடுத்தேன்.

பிறகு படகை விற்றுவிட்டார். வைக்கத்தில் கல்லூரி டீச்சராக இருக்கும் ரேஷ்மா என்ற பெண்ணுக்கு. கல்யாணம் ஆகாத பிள்ளை, படகோட்டப் படித்தவள், தனியாகவே போவாளாம். அவளிடம் போனில் பேசினதை நான் அடுப்படியில் நின்று கேட்டேன். "பாயி புதுசும்மா. சென்னையில சொல்லித் தச்சது. என் வீட்டம்மா பாத்து வாங்குனாக. அதுல ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் ஓட்ட வரல" என்றார். விற்கிறவர் தன் சரக்கைப் புகழ்வார். இவர் என் பொய்யைத் தன் சத்தியமாக நினைத்து விற்றார்!

தனியாகப் போவாள். காற்று தள்ளுகிற பக்கம் போவாள். திரும்பி வர மாட்டாள்.

இன்னொருத்தி பெற்ற பிள்ளை அல்லவா! இனிமேல் யோசிக்க ஒன்றுமில்லை என்று முடிவு செய்தேன். சென்னைக்காரரைக் கூப்பிட்டேன். குரலை வைத்தே என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நீங்க அப்பவே கேட்டீங்களேம்மா" என்றார். "ஆமா சார், நேரமாயிருச்சு" என்றேன். ஓட்டுகிறவர் எடை என்ன என்று மறுபடியும் கேட்டார். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ரேஷ்மாவிடம் கேட்க வேண்டும். கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

சொன்னேன். முகம் பார்த்திராத பெண்ணிடம், உங்களிடம் சொன்ன இதே கதையைப் பாதித் தமிழ் பாதி மலையாளத்தில் சொன்னேன். வேறொரு பாய் வரும் வரைக்கும் தண்ணீரில் இறங்காதே அம்மா என்று கேட்டுக்கொண்டேன்.

"சாருக்கு அறியாமோ?" என்றாள்.

தெரியாது என்றேன்.

"ஞான் பறையில்லா சேச்சி. நீங்க சொல்லணும்."

சொல்வேன் என்றேன். சத்தியமாகச் சொல்வேன் என்றேன்.

பாய் தயாரானதும், கம்பத்தில் சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் குமுளி பஸ் ஏறினேன். படகு இன்னும் முகம்மாவில் வாசு சேட்டன் வீட்டில்தான் கிடந்தது, அங்கே நானே கொண்டுபோனேன். பழைய பாயை அவிழ்த்துப் புதியதைக் கட்டினார்கள். காற்றுப் பட்டதும் அது உப்பிக்கொண்டு நின்றது. அந்தப் பெண் காயலின் நடுவுக்குப் போனாள், திரும்பினாள், குறுக்கும் நெடுக்குமாகக் காற்றின் முகத்துக்கே ஏறிக் கரைக்கு வந்தாள். இவ்வளவுதான். இவ்வளவு சுலபமான காரியத்துக்குத்தான் அந்த மனிதர் மாதக் கணக்கில் துடுப்புப் போட்டார். வாசு சேட்டன் பழைய பாயைக் கையில் எடுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும்போது தீர்மானமாகத்தான் வந்தேன். மலை இறங்குகிற வளைவுகளில் எல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். கதவைத் திறந்தவர், "சித்தி எப்படி இருக்காக?" என்று கேட்டார். "நல்லா இருக்காக" என்றேன். அந்த முதல் பொய்யிலேயே வாக்கியம் போயிற்று. நாளைக்கு என்று வைத்தேன். நாளைக்கு, பிறகு ஞாயிறு ஆராதனை முடிந்து, பிறகு கிறிஸ்துமஸ் கழிந்து...

போன வாரம் ரேஷ்மா அவருக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். நான் சொல்லியிருப்பேன் என்று நம்பியிருப்பாள், பாவம். யாரோ கரையிலிருந்து எடுத்தது. வெள்ளைப் பாய் வயிறு தள்ளிக்கொண்டு எதிர்க்காற்றில் ஏறி வருகிறது. கீழே, பாய் சூப்பர் சார், தேங்க்ஸ் என்று எழுதியிருந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். தட்டில் சோறு ஆறியது. நான் குழம்புக் கரண்டியோடு நின்றேன். இப்போது சொல், இப்போது சொல் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. அவர் போனை என் பக்கம் திருப்பினார். முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. நெடுநாள் சந்தேகம் ஒன்று தீர்ந்த முகம்.

"பாத்தியா கிரேசு, எப்படி ஏறி வருதுன்னு! அதே வள்ளம், அதே பாயி. நான் கயித்த இறுக்கிப் பிடிச்சே கொன்னிருக்கேன் போல. கொற வள்ளத்துலயும் இல்ல, பாயிலயும் இல்ல. நான் நெனச்சது சரிதான், என் கைதான்."

அதுவரை அவருக்குள் ஏதோ ஒரு மூலையில், குறை தன்னிடம் இல்லாமல் இருக்கலாம் என்று ஒரு சின்ன நம்பிக்கை இருந்திருக்கும். நல்ல பாயை வாங்கிக் கொடுத்து அதையும் நானே அணைத்துவிட்டேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்கு.

நான் "ஆமாங்க" என்றேன்.